ஊசிக்கு அஞ்சிய சமையற்காரர்: தடுப்பூசித் தயக்கத்தின் வரலாறு



2021-ஆம் ஆண்டின் ரமலான் ஏப்ரல் நடுவில் பிறந்தது. முதல் பத்தில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலின் மோதினார் என்னருகில் வந்து அமர்ந்தார். அறுபதைக் கடந்தவர், நெடுநாளாகச் சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர்.

"ஹஜ்ரத், பையன் கொரோனா ஊசி போட்டுக்க வரச் சொல்றான். நோன்பு முறிஞ்சிடுமா? அதுல பன்றிச் சத்து கலந்திருக்குன்னு வேற பேசிக்கிறாங்க. விவேக்குக்கு அப்படி ஆயிடுச்சே, அது ஊசியாலதானா? நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

நடிகர் விவேக் அவர்கள் ஏப்ரல் 15 அன்று பலரும் பார்க்கத் தடுப்பூசி செலுத்திக்கொண்டு, 17 அன்று மாரடைப்பால் மறைந்திருந்த நேரம் அது. அந்த மரணத்திற்குத் தடுப்பூசி காரணமன்று என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பின்னர் அக்டோபரில் அறிவித்தது. ஆனால் ஏப்ரலில் அந்த விடை எவர் கையிலும் இல்லை. ஊரெங்கும் தேநீர்க் கடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் அதே பேச்சாக இருந்தது.

மோதினார் கேட்டவை மூன்று கேள்விகள். முதலாவதற்கு எனக்கு விடை தெரியும். தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. மற்ற இரண்டுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் நா எழவில்லை. "நோன்பு முடியட்டும் பாய், பெருநாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவரும் "சரி ஹஜ்ரத்" என்றார்.

கடைசிப் பத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்பவில்லை. தன்னார்வ இளைஞர்கள் நால்வர் உடல் முழுதும் கவச உடை அணிந்து மையவாடியில் அவரை நல்லடக்கம் செய்தார்கள். அந்தப் பெருநாளில் தக்பீர் சொல்ல வேறொருவர் நின்றார்.

அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது. அன்றே ஊசி போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லும் அறிவு எனக்கில்லை. ஒரே ஒரு தவணையால், சில நாட்களுக்குள், எவ்வளவு பாதுகாப்புக் கிடைத்திருக்கும் என்பதும் ஐயத்திற்குரியதே. ஆயினும் ஒரு மனிதர் தம் அச்சத்தை நம்பிக்கையோடு என்னிடம் கொண்டுவந்தார்; நான் அதைத் தள்ளிப்போட்டேன். அந்த உறுத்தலே என்னைத் தடுப்பூசியின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது. அச்சம் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. அதை மக்களின் பொறுப்பில் இருந்தவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதைப் பொறுத்தே பல உயிர்களின் கதை அமைந்திருக்கிறது.

ஸர்க்கில் நடந்த ஆலோசனை

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு, ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாறு குறிப்பிடுவது அதையே. உமர் (ரலி) தாமே ஒரு முடிவை அறிவித்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அவர்களும் வேறுபட்டார்கள். இறுதியாகக் குறைஷிகளின் மூத்தவர்களைக் கேட்டபோது, மக்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுவதே நன்று என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

திரும்புவதென்று முடிவானதும் அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறோமா என்று கேட்டார்கள். ஆம், அல்லாஹ் விதித்த ஒன்றிலிருந்து அவனே விதித்த மற்றொன்றின்பால் செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) மறுமொழி கூறி, ஓர் உவமையையும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையாகவும் மறு சரிவு வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அன்றோ என்பது அந்த உவமை. பின்னர் அங்கு வந்த அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லவும் கூடாது, அது பரவிய ஊரிலிருந்து வெருண்டு வெளியேறவும் கூடாது என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தவர்களாகத் திரும்பினார்கள்.

ஸஹீஹ் நூல்களில் பதிவான இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருப்போம். தவக்குல் என்றால் என்ன என்று விளக்கவே இதைப் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவோம். ஆனால் இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஸஹாபாக்களிலேயே ஒரு சாராருக்குத் திரும்பிச் செல்வதில் தயக்கம் இருந்தது. அபூஉபைதா (ரலி) போன்ற பெருந்தகை ஒருவர் அத்தயக்கத்தை வெளிப்படையாகச் சொன்னார். உமர் (ரலி) அவரை ஈமான் குறைந்தவர் என்றோ அறியாதவர் என்றோ ஒதுக்கவில்லை, காரணம் சொன்னார்கள். ஷாமின் மக்களோடு தங்கிவிட்ட அபூஉபைதா (ரலி) அதே நோயில் வஃபாத்தானார்கள் என்பதும் வரலாறு. தயங்கியவரை இழிவாக எண்ணும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.

கையிலிருந்து கைக்கு

மனித குலம் நெடுங்காலம் அஞ்சி நடுங்கிய நோய் பெரியம்மை. அது கண்டவர்களில் பத்துக்கு மூவர் இறந்தனர். பிழைத்தோரில் பலர் முகத்தில் வடுவோடு வாழ்ந்தனர், சிலர் பார்வையை இழந்தனர். பெரியம்மையையும் தட்டம்மையையும் தனித்தனி நோய்களாகப் பிரித்து ஒரு நூலே எழுதியவர் மருத்துவ மேதை அர்ராஸீ.

உஸ்மானியப் பேரரசின் நகரங்களில் அம்மை வராமல் தடுக்க ஒரு பழக்கம் இருந்தது. லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது நீரை எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி அதில் வைப்பார்கள். அவருக்குச் சில நாள் காய்ச்சலும் சில கொப்புளங்களும் வரும். பிறகு ஆயுள் முழுதும் அம்மை அண்டாது. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் கைப்பழக்கம் மிக்க மூதாட்டிகள். இங்கிலாந்துத் தூதரின் மனைவியான மேரி வொர்ட்லி மாண்டெகு 1717-இல் தம் தோழிக்கு இதை விவரித்துக் கடிதம் எழுதினார். தாமே அம்மை கண்டு அழகிழந்தவர். அதே நோய்க்குத் தம் சகோதரரைப் பறிகொடுத்தவர். 1718-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தம் மகனுக்கு ஒரு கிரேக்க மூதாட்டியைக் கொண்டு இதைச் செய்வித்தார். லண்டன் திரும்பிய பின் 1721-இல் மகளுக்கும் செய்வித்தார். அங்குள்ள மருத்துவர்களிலும் பாதிரிமார்களிலும் பலர் எதிர்த்தனர். கீழைநாட்டுப் பெண்களின் பழக்கம் என்று இகழ்ந்தோரும், இறைவனின் நாட்டத்தில் குறுக்கிடுவது என்று கண்டித்தோரும் இருந்தனர். "விதியில் தலையிடலாமா?" என்ற கேள்வியை முஸ்லிம்கள் மட்டுமே கேட்டார்கள் என்று எவரேனும் சொன்னால், வரலாறு அதை ஏற்காது.

அந்த முறையில் ஆபத்தும் இருந்தது. கீறிக்கொண்டவர்களில் சிலர் இறந்ததும் உண்டு. 1796 மே 14 அன்று எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், மனிதருக்குத் தீங்கு குறைந்த மாட்டம்மையின் நீரை ஒரு சிறுவனின் கையில் வைத்து, அதுவே பெரியம்மையைத் தடுக்கும் என்று காட்டினார். தடுப்பூசியின் பிறப்பு அதுதான்.

அந்த மருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பாதை நம் கவனத்திற்குரியது. குளிர்பெட்டி இல்லாத காலம். நீண்ட கடற்பயணத்தில் மருந்து வீரியமிழந்தது. எனவே அது வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள் வழியாக பக்தாதுக்கும், அங்கிருந்து பஸ்ராவுக்கும் வந்தது. ஒருவர் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் வைப்பது என்ற முறையில், மனிதக் கைகளே அதை உயிரோடு கொண்டுவந்தன. பஸ்ராவிலிருந்து கப்பலில் பம்பாயை அடைந்த அம்மைப்பால், 1802 ஜூன் 14 அன்று மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் கையில் வைக்கப்பட்டது. இந்திய மண்ணில் முதன்முதலாக வெற்றி பெற்ற தடுப்பூசி அதுவே. அங்கிருந்து அது சென்னை உட்படப் பிற மாகாணங்களுக்குப் பரவியது.

நம் முன்னோர் "அம்மை குத்துதல்" என்று அழைத்தது இதைத்தான். அம்மை குத்துபவர் தெருவில் நுழைந்ததும் குழந்தைகளை ஒளித்து வைத்த கதைகளை நம் பாட்டிமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒளித்து வைத்தவர்களும் தாய்மார்களே. பின்னர் கையைப் பிடித்துக் காட்டியவர்களும் தாய்மார்களே. இரண்டுக்கும் காரணம் பிள்ளைப் பாசம்தான்.

பலவந்தமும் வஞ்சகமும் தந்தவை

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த ஆண்டு ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்தின் பெயரால் பூனாவில் படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து சோதனை செய்தனர். பெண்களின் மானமும் வழிபாட்டறையின் தூய்மையும் மதிக்கப்படவில்லை என்ற கொதிப்பு எழுந்தது. 1898 மார்ச்சில் பம்பாயின் முஸ்லிம் நெசவாளர் பகுதியில், நோயுற்ற ஒரு பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அதிகாரிகள் முயன்றபோது கலவரமே வெடித்தது. நோயைவிட நோய்த்தடுப்புக்கே மக்கள் அதிகம் அஞ்சிய காலம் அது.

அதே பம்பாயில் ஹாஃப்கின் என்னும் யூத அறிவியலாளர் பிளேக்குக்குத் தடுப்பூசி கண்டார். 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மக்கள் அப்போதும் தயங்கினர். இஸ்மாயிலி சமூகத்தின் தலைவர் மூன்றாம் ஆகாகான், தம் மக்கள் பார்க்கத் தாமே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார். ஆணைகளால் முடியாததை ஒரு தலைவர் தம் கையை நீட்டிக் காட்டிச் செய்தார்.

தடுப்பூசியால் தீங்கே நேர்ந்ததில்லை என்று சொல்வதும் உண்மைக்குப் புறம்பாகும். 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஹாஃப்கினின் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் இசிவு நோயால் மாண்டனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. ஒரு குறிப்பிட்ட புட்டியில் மட்டும் கிருமி கலந்திருந்தது என்பதும், கிராமத்தில் அதைத் திறந்தபோதே மாசு சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் பின்னர் நடந்த ஆய்வுகளால் வெளிப்பட, 1907-இல் அவர் பழியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த 19 குடும்பங்களின் துயரமும் மெய். அந்தத் தடுப்பூசி எத்தனையோ பேரைக் காத்ததும் மெய். ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை மறைத்தால் மக்கள் இரண்டையுமே நம்பமாட்டார்கள்.

நம் காலத்திலேயே ஒரு வஞ்சகம் நடந்தது. பாகிஸ்தானின் அபோதாபாத்தில் உஸாமா பின் லாதினைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற போர்வையைப் பயன்படுத்தியது 2011-இல் வெளிவந்தது. அதற்குப் பின் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்தவர்களும் ஒற்றர்களோ என்ற ஐயம் பரவியது. 2012 டிசம்பரிலிருந்து எத்தனையோ போலியோ ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பலர் முஸ்லிம் பெண்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி அப்படிப் பயன்படுத்தமாட்டோம் என்று அமெரிக்க அரசு 2014-இல் அறிவித்தது. ஒருமுறை உடைந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள், அந்தச் சதியைப் பற்றி ஏதும் அறியாத குழந்தைகளும் ஏழைப் பெண்களும்.

செவிசாய்த்தபோது

இதற்கு நேர்மாறான அனுபவம் நம் நாட்டிலேயே உண்டு. உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், முஸ்லிம் குடியிருப்புகளில், போலியோ சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி ஆண்டுக்கணக்கில் நிலவியது. அது வெறும் கற்பனையிலிருந்து முளைக்கவில்லை. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் நடந்த கட்டாயக் கருத்தடையின் நினைவு அம்மக்களின் நெஞ்சில் ஆறாதிருந்தது. மற்ற எதற்கும் வராத அரசு சொட்டு மருந்துக்கு மட்டும் வாசலுக்கு வருகிறதே என்று அவர்கள் ஐயுற்றதை எப்படிக் குறை சொல்வது?

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவை இப்பணிக்குத் துணை நின்றன. உலமாக்களிடம் விளக்கங்கள் பெறப்பட்டன. இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முகாம் நாளை அறிவித்தார்கள். மதரஸாக்களில் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. அந்தந்தத் தெருவின் பெண்களே வீடு வீடாகச் சென்று, தாய்மார்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். 2009-இல் இந்தியாவில் 741 பேரைப் போலியோ தாக்கியது. 2010-இல் அது 42 ஆயிற்று. 2011-இல் ஒன்றே ஒன்று: மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண் குழந்தை, சொட்டு மருந்து பெறாத குழந்தை. அவளுக்குப் பின் இயற்கையான போலியோ கிருமி இந்நாட்டில் எவரையும் தாக்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது.

மெர்காவின் சமையற்காரர்

இனி நான் தலைப்பில் குறிப்பிட்டவரைப் பற்றிச் சொல்கிறேன். சோமாலியாவின் மெர்கா என்னும் கடற்கரை ஊரில், மருத்துவமனை ஒன்றில் சமையற்காரராக இருந்தவர் அலி மாவ் மாலின். வயது 23. உலகெங்கும் பெரியம்மை ஏறக்குறைய ஒழிந்து, கிழக்கு ஆப்பிரிக்காவின் இந்த மூலையில் மட்டும் எஞ்சியிருந்த நேரம். மருத்துவமனையிலேயே வேலை செய்தும் அவர் அம்மை குத்திக்கொள்ளாமல் தப்பித்து வந்தார். அதற்குக் கொள்கை ஏதும் காரணமில்லை. ஊசி வலிக்கும்போல் தெரிந்ததால் அஞ்சினேன் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

1977 அக்டோபரில், அம்மை கண்ட இரு குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்ட அவர் சில நிமிடங்கள் உடன் சென்றார். அக்குழந்தைகளில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். சில நாட்களில் மாலினுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்று எண்ணினார்கள். பிறகு கொப்புளங்கள் எழும்பின, சின்னம்மை என்றார்கள். இறுதியில் பெரியம்மை என்று உறுதியானது. அவரைச் சந்தித்த ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஊரைச் சுற்றிக் காவல் வைத்து, இரண்டே வாரங்களில் 50,000-க்கும் அதிகமானோருக்கு அம்மை குத்தினார்கள். அல்லாஹ்வின் அருளால் மாலின் பிழைத்தார். அவரிடமிருந்து எவருக்கும் நோய் பரவவில்லை. இயற்கையாகப் பெரியம்மை கண்ட உலகின் கடைசி மனிதர் அவரே. 1980 மே மாதம் அந்நோய் உலகிலிருந்து ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பின் பேரவை அறிவித்தது.

பல ஆண்டுகள் கழித்து மாலின் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். பிள்ளைக்குச் சொட்டு மருந்து வேண்டாம் என்று தயங்கிய பெற்றோரிடம் சென்று தம் கதையைச் சொன்னார். அஞ்சி ஒதுங்கியவன் நான், எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள் என்பதே அவருடைய பிரசாரம். மருத்துவர் பலர் சொல்லிக் கேளாதவர்களும் அவர் சொல்லக் கேட்டார்கள். 2013-இல் சோமாலியாவில் போலியோ மீண்டும் தலைகாட்டியபோது மறுபடியும் களத்தில் இறங்கினார். அந்தப் பணியில் இருக்கும்போதே காய்ச்சல் கண்டு, ஜூலை 22 அன்று மலேரியாவால் மறைந்தார். அது ரமலான் மாதம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மோதினாருக்குச் சொல்லாத பதில்

என் மோதினார் கேட்ட மூன்று கேள்விகளுக்கு இன்று என்னால் பதில் சொல்ல முடியும்.

தடுப்பூசியால் நோன்பு முறியாது. கலப்பைப் பொறுத்தவரை, பன்றிச் சத்து இருந்தாலும் உயிர் காக்கும் தேவை கருதித் தடுப்பூசி ஆகும் என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா மன்றம் 2020 டிசம்பரிலேயே தீர்ப்பளித்திருந்தது. ஆஸ்ட்ராஜெனெகா தடுப்பூசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் பயன்பட்டது என்று இந்தோனேசிய உலமா சபை 2021 மார்ச்சில் கூறியது. தயாரிப்பாளர் அதை மறுத்தனர். நிர்ப்பந்தம் கருதி அதைப் பயன்படுத்தலாம் என்றே அச்சபையும் முடிவு செய்தது. நம் ஊரில் கோவிஷீல்டு என்ற பெயரில் போட்டதும் ஆஸ்ட்ராஜெனெகா ஊசியே. ஆக, அவர் என்னிடம் கேட்ட நாளில் இந்த விடைகள் உலகில் இருந்தன. தேடாமல் இருந்தது நான்தான்.

மூன்றாவது கேள்வி ஆபத்தைப் பற்றியது. அந்தத் தடுப்பூசியால் மிக அரிதாகச் சிலருக்கு இரத்த உறைவு ஏற்பட்டது உண்மை. அவர் வயதில், அவருக்கிருந்த சர்க்கரை நோயோடு, கொரோனாவால் வரும் ஆபத்து அதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லி, "வாங்க பாய், உங்க டாக்டரை ரெண்டு பேருமாப் போய்க் கேட்டுட்டு வருவோம்" என்று அழைத்திருக்க வேண்டும்.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வதை நம்மில் எவரும் கேள்வி கேட்பதில்லை. ஏனெனில் முன்னே சென்ற ஹாஜிகள் போட்டுக்கொண்டு நலமாகத் திரும்பியதைப் பார்த்திருக்கிறோம். நம்பிக்கை அப்படித்தான், தெரிந்த மனிதர் வழியாக வருகிறது. ஆகவே, இமாம்களே, ஆசிரியர்களே, குடும்பத்தில் நாலெழுத்துப் படித்தவர்களே, ஒரு பெரியவரோ ஒரு தாயோ அச்சத்தோடு உங்களிடம் வந்தால் சிரிக்காதீர்கள், சினக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

அஞ்சுகிறவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் அச்சத்தை வாட்ஸ்அப்பிடம் கேட்காதீர்கள். இன்று மாலை உங்கள் வீட்டில் அறுபதைக் கடந்த உம்மாவோ வாப்பாவோ இருந்தால், அவர்கள் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அன்று தம்மைப் பிடித்து நிறுத்தியவர் யார், எவ்வளவு அழுதோம் என்று அவர்கள் சொல்வார்கள். உங்கள் கையில் அந்தத் தழும்பு இல்லாமல் போனதற்குக் காரணம், அவர்கள் கையில் அது இருப்பதுதான்.

அல்லாஹ் எங்கள் மோதினாரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. அவருக்குப் பதில் சொல்லத் தவறிய என்னையும் மன்னிப்பானாக. ஆமீன்.